வயதான ஆண்களும் நீர்க்கட்டும்: முக்கியக் குறிப்புகள்

● புராஸ்டேட், ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்ப்புறவழியைச் சுற்றி இருக்கும். இளவயதில் எடை சுமார் 20 கிராம். (சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் இரண்டும் சிறுநீர்நாளம்; பையிலிருந்து வெளியேறுவது புறவழி. மாற்றி எழுதி மதிப்பெண் இழக்காதீர்கள்.)

● 60 வயதில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இச்சுரப்பியின் திசு பெருகியிருக்கும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒருவருக்கே வரலாம்.

● இந்தப் பெருக்கத்தின் அறிகுறிகள்: இதற்குப் பாடப்புத்தகமே வேண்டாம், மூங்கில்துறைப்பட்டில் எங்கள் தாத்தாவைப் பார்த்தாலே போதும். ராத்திரி டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுக் கரும்புக்கொல்லை ஓரம் நிற்பார். முக்கினாலும் உடனே வராது. வந்தாலும் மடையில் சோகை அடைத்த மாதிரி விட்டுவிட்டு வரும், கடைசியில் வேட்டியில் சொட்டும். கட்டிலில் சாய்ந்த அரைமணியில் மறுபடியும் எழுந்துவிடுவார். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறும் நாளில் காலை டீயே கிடையாது.

● அறிகுறிகளின் கடுமையை அளக்க 7 கேள்விகள், 35 மதிப்பெண். 0–7 லேசு, 8–19 நடுத்தரம், 20–35 கடுமை. சுரப்பி பெரிதாக இருந்தால் தொல்லையும் பெரிதாக இருக்கும் என்பதில்லை.

● மருந்துகள்: டாம்சுலோசின் தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே பலன் தெரியும், சட்டென எழுந்தால் தலைசுற்றலாம். ஃபினாஸ்டரைடு சுரப்பியையே சுருக்கும். ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். இது ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோய்ப் பரிசோதனையில் பார்க்கும் புரதம்) அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், சாப்பிடுகிறவர் அதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

● புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை: சார்லஸ் ஹக்கின்ஸ், நோபல் பரிசு 1966.

● சித்த மருத்துவம் அடக்கக்கூடாது என்னும் 14 வேகங்களில் சிறுநீரும் ஒன்று. நீரடைப்புக்குச் சொல்லப்படும் மூலிகைகள்: நெருஞ்சில் (டிரிபுலஸ் டெரெஸ்ட்ரிஸ்), சிறுபீளை (ஏர்வா லனாட்டா). பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அதே சிறுபீளைதான்.



● திடீர் நீர்க்கட்டு: ஒரு சொட்டும் வராது, அடிவயிறு கல்லாகும். அவசரநிலை, குழாய் போட்டே நீரை வெளியேற்றுவார்கள். சில சளி மாத்திரைகளே இதைக் கிளப்பிவிடும். தாத்தாவுக்கு அப்படித்தான் ஆனது. குழாய் போட்டு, நீர் சேரும் பை நிறைந்ததும் அவர் கேட்டது: "ஒரு டீ வாங்கியாடா."