கம்பைக் கையில் எடுக்கும் முன்: தேனிப் பக்கம் சிலம்பம் பழக வருவோருக்கு

முழுப் பரீட்சை முடிந்துவிட்டால் தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பள்ளத்தாக்கு நெடுகப் பிள்ளைகளைச் சிலம்பம் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அது இருக்கிறது. ஆர்வம் கூடியதில் வியப்பில்லை.

பிலிப்பைன்ஸின் ஆர்னிஸ் கலையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "அதுவும் இதுவும் ஒன்றா?" என்று கேட்டு வரும் இளைஞர்களும் உண்டு. ஆர்னிஸை 2009இல் சட்டம் இயற்றித் தன் தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்தது அந்த நாடு. அதன் பிரம்பு ஏறக்குறைய 28 அங்குலம். நம் நெடுங்கம்பு ஆளின் நெற்றி உயரம். குட்டைக் கம்புக்காரர் கைக்கெட்டும் இடத்துக்கு நெருங்கி ஆடுவார். நெடுங்கம்புக்காரர் எதிராளியை அண்டவிடாமல் ஆடுவார். இரண்டிலும் அடிப்படைப் பாடம் தூரம்தான். எங்கே நின்றால் அடி விழும், எங்கே நின்றால் விழாது என்பது காலுக்குப் பிடிபட வேண்டும். அதற்குள் கை அவசரப்பட்டால் காயம் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு.

செய்ய வேண்டியவை

1. ஒரு நாள் வேடிக்கை பாருங்கள். பணம் கட்டுமுன் வகுப்பு முழுவதையும் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். வாத்தியார் புதுப் பிள்ளைகளைத் தனியாக நிறுத்துகிறாரா? சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் நடுவே இடம் விடுகிறாரா? எந்தத் தெரு, எந்தச் சாதி என்று பார்க்காமல் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறாரா? இவை மூன்றும் சரியாக இருந்தால், சுவரில் எத்தனை கேடயம் தொங்குகிறது என்று எண்ணவே வேண்டாம்.

2. காலடியை முதலில் கேளுங்கள். முன்னே வைப்பது, பின்னே வாங்குவது, பக்கம் மாறுவது, திரும்புவது எல்லாம் கம்பில்லாமலே பழக வேண்டியவை. ஆர்னிஸில் முதல் நாளே கையில் ஆயுதம் கொடுத்துவிடுவது வழக்கம்; வெறுங்கைச் சண்டை அதற்குப் பிறகுதான். நம் வாத்தியார்களில் பலர் காலடி படியும்வரை கம்பைத் தர மாட்டார்கள். பிள்ளை அலுத்துக்கொண்டாலும் அந்த வாத்தியாரை நம்புங்கள்.

3. ஆளுக்கேற்ற கம்பு வாங்குங்கள். நேராக நின்றால் நெற்றியைத் தொட வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு "நாலு வருஷம் வரட்டுமே" என்று பெரிய கம்பாக வாங்கினால், வீச்சு கெட்டு மணிக்கட்டு வலிதான் மிஞ்சும்.

4. தினமும் கம்பைத் தடவிப் பாருங்கள். மூங்கில் நீளவாக்கில் பிளக்கும்; சிராய் கையிலும் கண்ணிலும் ஏறும். எதிர்க்கம்பில் மோதிப் பழகப் பிரம்பு நல்லது. அது நார் நாராகக் கிழியுமே தவிர ஈட்டியாகச் சிதறாது. பிலிப்பைன்ஸ்காரர்கள் பிரம்பைத் தேர்ந்ததற்கும் அதுவே காரணம். விரிசல் கண்ட கம்பை அன்றோடு ஒதுக்கிவிடுங்கள்.

5. இடத்தை அளந்து நில்லுங்கள். ஐந்தடிக் கம்பும் நீட்டிய கையும் சேர்ந்தால் ஏழடி. பக்கத்தில் சுற்றுபவருக்கும் ஏழடி வேண்டும். அதனால் இருவருக்கு நடுவே 15 அடியாவது இருக்கட்டும். அறுவடை முடிந்த நெற்களம், பள்ளி மைதானம் தோதான இடங்கள். தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலடியும் நிழலுக்கு நல்லவை, வீச்சுக்கு ஆகாதவை.

6. காற்றுக்கு முந்திக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் இந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்று ஊரறிந்தது. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். புதியவர் கையில் சுழலும் கம்பை அந்தக் காற்று இழுத்துவிடும்; புழுதி கண்ணை மறைக்கும். அந்த மாதங்களில் விடிகாலையே பயிற்சிக்கு வசதி.

7. கைக்கும் தலைக்கும் காப்பு போடுங்கள். இருவர் மோதும்போது முதலில் எட்டுவது கம்பு பிடித்த விரல்கள்தான். உடம்பை விட்டுவிட்டு ஆயுதம் பிடித்த கையைக் குறிவைப்பதை ஆர்னிஸில் தனிப் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். தொடுமுறை ஆட்டத்துக்குத் தலைக்கவசமும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். வளையல், மோதிரம், தொங்கும் துப்பட்டா எல்லாவற்றையும் வீட்டில் விட்டு வாருங்கள்.

8. உடம்பைச் சூடாக்குங்கள். தண்டால், பஸ்கி, தோளையும் மணிக்கட்டையும் சுழற்றுவது என்று பத்து நிமிடமாவது ஆன பிறகே வீச்சு.

செய்யக்கூடாதவை

1. வேகத்தைத் திறமை என்று எண்ணாதீர்கள். கம்பு கண்ணுக்குத் தெரியாமல் சுற்றுவது பார்க்க அழகு. அலங்கார வீச்சுக்கு மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் எதிரே ஆள் நிற்கும்போது, நினைத்த இடத்தில் கம்பை நிறுத்தத் தெரிந்தவரே தேறியவர். நிறுத்தத் தெரியாதவரோடு ஜோடி சேராதீர்கள்.

2. சுற்றுகிறவரின் பின்பக்கமாக நடக்காதீர்கள். தண்ணீர் குடிக்கப் போனாலும் வரிசையைச் சுற்றிக்கொண்டு போங்கள். தம்பி தங்கையைக் கூட்டி வந்தால் களத்துக்கு வெளியே உட்கார வையுங்கள்.

3. மேகமலையில் மூங்கில் வெட்டப் போகாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காட்டு மூங்கிலை அனுமதியில்லாமல் வெட்டினால் வழக்கு வரும். கடையில் வாங்குங்கள், இல்லையென்றால் வாத்தியாரிடம் சொல்லி வையுங்கள்.

4. சுருள்வாளுக்கு ஆசைப்படாதீர்கள். சுருள்வாள், மான்கொம்பு, தீப்பந்தம் எல்லாம் பல வருடம் கம்பு பழகியவர்களுக்கு. சுருள்வாள் வளைந்து திரும்பி வீசியவரையே வெட்டும். கூர் ஆயுதம் வைத்திருப்பதிலும் வெளியே எடுத்துப் போவதிலும் சட்டச் சிக்கல் உண்டு. சேர்ந்த முதல் மாதத்திலேயே இதையெல்லாம் காட்டி ஆள் பிடிக்கும் வகுப்பு உங்களுக்கு வேண்டாம்.

5. திருவிழாக் கூட்டத்தில் இடமில்லாமல் சுற்றாதீர்கள். வீரபாண்டி சித்திரைத் திருவிழா போன்ற நெரிசலில் ஒரு வீச்சு தவறினாலும் அடி யார் மேலாவது விழும். ஊர்வலத்தில் ஆட அழைத்தால், நாலு பக்கமும் கயிறு பிடிக்க ஆள் உண்டா என்று கேட்ட பிறகு சம்மதியுங்கள்.

6. ஊர்ப் பகைக்குக் கம்பைத் தூக்காதீர்கள். நம் பக்கம் பேச்சு முற்றினால் முதலில் கை தேடுவது கம்பைத்தான். பழகியவர் அடித்த அடி ஆழமாக இறங்கும், வழக்கும் அப்படியே. தெருச் சண்டைக்குப் போன மாணவனை வகுப்பை விட்டு நிறுத்தும் வாத்தியார் சரியாகத்தான் செய்கிறார்.

7. பழம்பெருமை பேசியே பொழுதைக் கழிக்காதீர்கள். ஐயாயிரம் வருடக் கலை, பிலிப்பைன்ஸ் கலைக்கும் இதுவே தாய் என்றெல்லாம் யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு காலடிக்குத் திரும்புங்கள். அடி வரும்போது வயதுக் கணக்கு தடுக்காது.

8. "உலக சாதனை"க்குப் பணம் கட்டாதீர்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, பானை மேல் நின்றுகொண்டு, மணிக்கணக்கில் பிள்ளைகளைச் சுற்றவைத்துச் சான்றிதழ் தருகிறார்கள். வேலைக்கோ கல்லூரிக்கோ எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடலாம். சாதனைக்குக் கட்டும் தொகையில் பிள்ளைக்கு நல்ல பிரம்பும் ஒரு தலைக்கவசமும் வாங்குங்கள்.