பழைய மோரோ கிரிஸ் வாள் கைக்கு வந்தால்...

தென் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ, சூலு பகுதி மோரோ மக்களின் வாள் கிரிஸ். அலகின் நெளிவுகளை எண்ணி வயதைக் கணிக்காதீர்கள். நேரான அலகும் உண்டு. பிடியை ஒட்டிய அகன்ற அடிப்பகுதியைப் பாருங்கள். 'கங்யா' எனப்படும் அது தனித் துண்டாகப் பொருத்தப்பட்டிருந்தால் பெரும்பாலும் பழைய வாள்தான். இணைப்பு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு கீறியிருந்தால் 20-ஆம் நூற்றாண்டு வேலையாக இருக்கலாம்.

துருவை எண்ணெயில் ஊறவிட்டு, மிக மெல்லிய எஃகு நாரால் நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். அலகின் பழைய மேற்பரப்பு போனால் போனதுதான்! துடைத்துவிட்டு வினிகரை லேசாகத் தடவினால், அடுக்கடுக்காக அடித்த இரும்பின் வரிகள் கருப்பும் வெள்ளையுமாக எழும்பும். உடனே சோடா உப்புக் கரைசலில் கழுவி, ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். அலகைப் பிடியோடு பிணைக்கும் வெள்ளி, செம்புப் பட்டைகளை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள்; அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.