புதினா வளர்க்கலாம்... தண்ணீர் ஜாக்கிரதை!

ஆம்பூரில் பிரியாணி மணக்காத தெரு ஏது? அதற்கு வாங்கும் புதினாவில் இலையை ஆய்ந்துவிட்டு, தண்டைக் குப்பையில் போடுகிறீர்கள் அல்லவா? இனி போடாதீங்க. அந்தத் தண்டுதான் விதை!

முற்றிய தண்டை நான்கைந்து அங்குலத்துக்குக் கணுவின் கீழே நறுக்குங்கள். அடி இலைகளைக் கிள்ளி, டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் பத்து நாளில் வேர் விடும். புதினா பக்கவாட்டில் ஓடும் செடி. ஆகவே தொட்டிக்கு ஆழத்தைவிட அகலமே முக்கியம். பழைய பிளாஸ்டிக் பேசினே போதும். அடியில் ஓட்டை போட்டு செம்மண், மணல், மக்கிய எரு நிரப்புங்கள். காலை வெயில் மட்டும் பட்டால் நல்லது. நம்மூர் சித்திரை வெயிலுக்குத் தாங்காது.

சரி, தண்ணீர்? இங்கேதான் கவனம் வேண்டும். தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள். பதனிடும்போது குரோமியம் சேர்ப்பார்கள். இந்தக் கழிவு பல ஆண்டுகளாகப் பாலாற்றுப் படுகையில் இறங்கியது. 1996-ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டுத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு தீர்ப்போடு போய்விடுமா, என்ன?

வீட்டுக் கிணறோ போரோ கரித்தால் அதை ஊற்றவே வேண்டாம். இலை ஓரம் கருகி, மண்மேல் வெள்ளை பூத்தால் உப்பு என்று சந்தேகப்படுங்கள். காய்ச்சினாலும் உப்பு போகாது. குரோமியமோ நாக்குக்கே தெரியாது. கரிக்காத கிணற்றுத் தண்ணீரையும் ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்துவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு விடுபவர்கள் உண்டு. அதில்தான் உப்பு அதிகம்! பிடித்து வைத்த மழைநீரும், குடிநீரில் அரிசி களைந்த கழுநீரும் போதும்.

இரண்டு மாதத்தில் முதல் அறுவடை. அடியில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள், மறுபடி தழைக்கும்.