தாடியும் சீருடையும்: ஒரு தீர்ப்பு தரும் பாடம்



மார்க்கம் ஒன்றைச் சொல்ல, வேலையிடத்து விதி வேறொன்றைச் சொன்னால் என்ன செய்வது? மதுரைக் காவலர் ஒருவரின் வழக்கைப் பாருங்கள்.

2018இல் 31 நாள் விடுப்பில் மக்கா சென்று திரும்பிய அவர், காலில் ஏற்பட்ட தொற்றால் விடுப்பை நீட்டிக்கக் கேட்டார். கிடைக்கவில்லை. தாடி வைத்ததற்கும் விளக்கம் கேட்கப்பட்டது. ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அத்தண்டனையை ரத்து செய்து, மறுபரிசீலனைக்காக ஆணையருக்கு அனுப்பியது. முஸ்லிம் காவலர்கள் சீராக வெட்டிய தாடி வைக்க 1957ஆம் ஆண்டின் மதராஸ் போலீஸ் கெஜட்டே அனுமதிப்பதைச் சுட்டிக்காட்டியது.

2016இல் விமானப்படை வீரர் ஒருவர் தாடிக்காகத் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் அனுமதி தரவில்லை. அங்கே படையின் விதி இடம் கொடுக்கவில்லை.

நாம் பெறும் பாடங்கள்:

1. உங்கள் துறையின் விதியை முதலில் படியுங்கள். நமக்கான அனுமதி அதிலேயே இருக்கலாம்.

2. கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

3. மில்லோ பட்டறையோ அலுவலகமோ, ஜுமுஆவுக்குச் செல்லும் நேரத்தை முன்பே பேசி வையுங்கள். விடுபட்ட வேலையை ஈடுசெய்யுங்கள்.

ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. சம்மதித்து ஏற்ற வேலையும் ஓர் ஒப்பந்தமே. வாங்கும் சம்பளம் அமானத். வேலையில் குறை வைக்காதவரின் உரிமைக் குரலுக்கு வலு அதிகம்.

அல்லாஹ் நம் ஈமானையும் உழைப்பையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.