குருத்தெலும்பும் இருவகைச் சாரமும்

எலும்பு முறிந்தால் கூடும்; தோல் கிழிந்தால் மூடும். மூட்டு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்போ சிதைந்தால் தானே சீராவதில்லை. 1743இல் வில்லியம் ஹன்டர் என்னும் மருத்துவ அறிஞர் இவ்வுண்மையை எடுத்துரைத்தார். குருத்து என்னும் சொல் துளிரை நினைவூட்டும், இக்குருத்தோ துளிர்ப்பதில்லை. அதற்குக் குருதிநாளம் இல்லை, நரம்பும் இல்லை. உயிரணுக்களும் மிகச் சிலவே.

1994இல் சுவீடன் மருத்துவர்கள், நோயாளியின் குருத்தெலும்பு உயிரணுக்களையே எடுத்து வளர்த்து, மீண்டும் முழங்காலில் வைத்த முறையை 23 பேரிடம் கையாண்டதாக வெளியிட்டனர். பயன் இருந்தது, ஆயின் அறுவை இருமுறை வேண்டியிருந்தது.

இன்றைய ஆய்வு இரு வழிகளில் செல்கிறது. உயிரி அச்சுமுறை, கூழ்மத்தையே மையாகக் கொண்டு, குழியின் வடிவிற்கேற்ப அடுக்கடுக்காகச் சாரம் கட்டுகிறது. உயிரணுக்கள் அதனைப் பற்றி வளர, சாரம் மெல்லக் கரையும். கொத்தனாரின் சாரம்போல் அவிழ்க்க ஆள் வேண்டா. மற்றொரு வழியில் உயிரணுவே இல்லை. தண்டணுக்கள் வெளியிடும் எக்சோசோம் என்னும் நுண்பைகளை மட்டும் பிரித்தெடுத்துச் செலுத்துகின்றனர். ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள இவை, புரதங்களையும் ஆர்.என்.ஏ. துணுக்குகளையும் சுமந்து சென்று, அங்குள்ள உயிரணுக்களைப் பணிக்குத் தூண்டுகின்றன. உயிரணுவிலிருந்து இறக்கிய இதனையும் தமிழில் சாரம் என்றே சொல்லலாம்!

2019இல் சீன ஆய்வாளர்கள் இருவகைச் சாரத்தையும் இணைத்து முயல்களின் மூட்டில் பதித்தனர்; குருத்தெலும்பு செம்மையுற்றது. முயலின் மூட்டு வேறு, அறுபது ஆண்டு உடலைச் சுமந்த முழங்கால் வேறு. எந்த எக்சோசோம் மருந்திற்கும் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அதே ஆண்டில் மக்களை எச்சரித்தது. விளம்பரம் கண்டு ஊசிக்கு விரையும் பெரியவர்களிடம் மாணவர்கள் இதனையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.