பழைய பிக்கப்பின் பின்பெட்டியும் தோட்டத்து அசிட்டும்

ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தபோது, ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர் தமது வாகனத்தைக் காட்டி யோசனை கேட்டார். அது டட்சன் 620 வகை பிக்கப். ஜப்பானில் 1972ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கி, அந்தப் பத்தாண்டின் இறுதிவரை உற்பத்தியான வாகனம். அக்கம்பக்கத்தில் சிறு நிலம் வைத்துள்ள ஏழெட்டுக் குடும்பங்களின் கட்டிப்பால் வாரந்தோறும் அதில்தான் வியாபாரியிடம் போய்ச் சேருகின்றது. வண்டி நின்றால் அக்குடும்பங்களின் வாரச் செலவுக்குரிய பணமும் நின்றுவிடும்.

"ஐயா, அடியிலே கொஞ்சம் ஓட்டை விழுந்துவிட்டது. மேலே ஒரு தகடு வைத்து ஒட்டினால் போதுமல்லவா?" என்று அவர் வினவினார்.

நாம் பின்பெட்டியை எட்டிப் பார்த்தோம். மேலே ஒரு தகடு ஏற்கெனவே இருந்தது! ஈராண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் வைத்து ஒட்டிய தட்டைத் தகடு அது. பார்வைக்குக் குறையொன்றும் இல்லை. அதன் கீழிருந்த பழைய தகடோ, தேநீரில் நனைந்த பிஸ்கட்டைப் போல் உதிர்ந்துகொண்டிருந்தது. முந்திய வாரம் சுமை இறக்கும்போது அவருடைய மருமகனின் கால், புதுத் தகடும் பழைய தகடுமாகச் சேர்ந்து உள்ளே இறங்கிவிட்டது. கெண்டைக்காலில் ஆறு தையல். ஆகவே, அவருக்கு நாம் சொன்ன விடையைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகின்றோம்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். ஆனால், ரப்பர் ஏற்றும் வண்டிக்கு மூன்றாவது பகைவன் ஒருவன் உண்டு. மங்கில் பாலை உறைய வைக்க நாம் ஊற்றும் பார்மிக் அமிலம், அதாவது தோட்டத்தில் அசிட் எனப்படுவது, கட்டிப்பாலில் இருந்து வடியும் நீரிலும் கலந்திருக்கின்றது. கட்டிகளை அடுக்கி ஏற்றும்போது மேல் எடை கீழ்க்கட்டிகளை அழுத்துகின்றது. புளிப்பு நீர் பிழிந்து வடிகின்றது. அந்நீர் வண்ணப்பூச்சின் கீறல்வழியே இறங்கி, தகட்டைத் தின்னத் தொடங்கும். மலிவு கருதிச் சிலர் பேட்டரிக்குரிய கந்தக அமிலத்தை மங்கில் ஊற்றுவதுண்டு. அது ரப்பரின் தரத்தையும் கெடுக்கும், வண்டியையும் இன்னும் விரைவாக அரிக்கும். மலேசிய ரப்பர் வாரியம் பரிந்துரைப்பது பார்மிக் அமிலத்தையே.

துரு எங்குத் தொடங்கும்? கண்ணில் படும் இடத்தில் அன்று. நீர் தங்கும் இடத்தில்தான். பின்பெட்டியின் முன்மூலைகள், சக்கர வளைவின் மேற்பகுதி, பின்கதவின் கீல் அடி, எல்லாவற்றிற்கும் மேலாக, அடித்தகடு குறுக்குச் சட்டங்களின்மீது அமரும் இடுக்குகள். இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் புகுந்த நீர் எளிதில் காய்வதில்லை. அங்கு விளையும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், தகடுகளை ஆப்பு வைத்தாற்போல் பிளந்துவிடுகின்றது. ஓட்டையின்மேல் தகடு வைத்து ஒட்டுபவர் புதிதாக ஓர் இடுக்கை உண்டாக்கித் தருகின்றார் என்பதை இதனால் அறியலாம்.

ஆகவே, முதலில் வண்டியின் கீழ் படுத்துப் பார்க்க வேண்டும். சுத்தியலின் மரப்பிடியால் தகட்டை மெல்லத் தட்டினால், நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும்; அரித்த இரும்பு மழுங்கிய ஓசை தரும். ஐயமான இடத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்துச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டமிடுங்கள். வெட்டும்போது அந்த வட்டத்தோடு நிற்கலாகாது. பளபளப்பான, முழுக்கனமுள்ள இரும்பு தென்படும்வரை வெட்டிக்கொண்டே செல்ல வேண்டும். உள்ளங்கை அளவு ஓட்டைக்கு ஒரு பாய் அளவு தகட்டை வெட்ட நேர்ந்தால் மனம் வருந்தத்தான் செய்யும். நமது பெரியவரும் வருந்தினார்.

இனி, எடுத்த தகட்டிற்கு ஈடாக எதை வைப்பது? இதற்கு விடை காண, வீட்டுப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கோப்பைகளைச் சற்று இடைவெளிவிட்டு வைத்து, அவற்றின்மேல் தாளை விரித்து, நடுவில் ஒரு சிறு தீப்பெட்டியை வையுங்கள். தாள் தொய்ந்து விழும். அதே தாளை விசிறியைப் போல் மடித்து, மடிப்புகள் ஒரு கோப்பையிலிருந்து மற்றக் கோப்பைக்குச் செல்லுமாறு வையுங்கள். தீப்பெட்டியைத் தாங்கும். தாள் ஒன்றுதான், மடிப்புத்தான் வலிமையைத் தந்தது. பிக்கப்பின் அடித்தகட்டில் நீளவாக்கில் ஓடும் வரிமேடுகள் அழகுக்கு அமைந்தவை அல்ல. குறுக்குச் சட்டங்களுக்கு இடையே சுமை தொய்யாமல் தாங்குபவை அவையே. தட்டைத் தகடு வைத்த பட்டறை, மடித்த தாளை எடுத்துவிட்டு விரித்த தாளை வைத்தது எனலாம்.

புதிய துண்டுக்கு 18 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு ஏற்றது. முதலில் அட்டைப் பெட்டியை வெட்டி மாதிரி எடுத்துப் பொருத்திப் பாருங்கள். அட்டையில் நேரும் பிழைக்குச் செலவில்லை. வரிமேடுகளைத் தகடு மடிக்கும் இயந்திரமுள்ள பட்டறையில் மடித்து வாங்கலாம். இயந்திரம் இல்லாத இடத்தில், கோண இரும்புகள் இரண்டிற்கு நடுவே தகட்டை இறுக்கி, சிறுகச் சிறுகத் தட்டி மடிக்கும் கைத்தேர்ச்சியுள்ள முதியவர்கள் இருக்கின்றனர். அவர்களிடம் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் காலந்தாழ்த்தாமல் செல்லுதல் நலம். சான்றிதழோடு கற்க விரும்புவோர், தாபோ நானிங்கில் உள்ள அட்டெக் பயிற்சி நிலையத்தில் என்னென்ன வகுப்புகள் நடைபெறுகின்றன என விசாரிக்கலாம்.

பற்றவைப்பதில் பொறுமை வேண்டும். மெல்லிய தகட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிறுத்தாமல் பற்றவைத்தால், சூட்டினால் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். முதலில் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு புள்ளி, பின்பு எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவே ஒவ்வொரு புள்ளி, அடுத்து அவற்றின் இடைவெளிகளில் என மாறிமாறிச் செல்ல வேண்டும். கை பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருந்து அடுத்த புள்ளிக்குச் செல்லுங்கள்.

உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்று இங்குண்டு. பல பிக்கப்களில் பெட்ரோல் தொட்டி பின்பெட்டியின் அடியிலேயே அமைந்துள்ளது. தொட்டியைக் கழற்றித் தூரத்தில் வைக்காமல் தீப்பொறி பறக்கும் எவ்வேலையையும் தொடங்காதீர்கள். "தொட்டி காலியாகத்தானே இருக்கின்றது" என்பது பெரும் தவறு. நிறைந்த தொட்டியைவிட, ஆவி நிரம்பிய காலித் தொட்டியே எளிதில் வெடிக்கும். பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகையை உள்ளிழுத்தால், அன்றிரவே குளிரும் காய்ச்சலும் காணும். பசும்பால் குடித்தால் அது அணுகாது என்பது பட்டறைகளின் நெடுநாள் நம்பிக்கை. காற்றோட்டமும் முகக்காப்புமே மெய்யான பாதுகாப்பு.

துத்தநாகத் தகடே துருவுக்கு மருந்தாயிற்றே எனச் சிலர் கேட்பர். மழைநீருக்கு அது மருந்து. அசிட்டின்முன் துத்தநாகம் விரைவில் கரைந்து போகும். ஆகவே, எந்தத் தகடாயினும் இணைப்புகளை அடைப்புப் பசையால் மூடி, துருத்தடுப்புப் பூச்சும் மேல்வண்ணமும் அடியிலும் மேலுமாக இட வேண்டும்.

ரப்பர் ஏற்றும் வண்டிக்கே உரிய மற்றோர் எச்சரிக்கை: பின்பெட்டிக்குள் பித்தளை ஆணியோ செம்புப் பட்டையோ வைக்காதீர்கள். பாலில் சேர்க்கும் அமோனியா அவற்றை அரிக்கும். செம்பு சிறிதளவே ரப்பரில் கலந்தாலும் ரப்பர் நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். வியாபாரி விலையைக் குறைப்பதற்கு நாமே காரணம் தேடித்தர வேண்டியதில்லை.

இரும்பே வேண்டாம், மரப்பலகை போடலாமா என்றும் பெரியவர் கேட்டார். தாராளமாகப் போடலாம். தான் சே யான் 1896இல் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட நாள்களில், மாட்டுவண்டிகள் மரத் தட்டிலேயே சுமை ஏற்றின. செங்கால் பலகை எடை மிகுந்தது, ஆயினும் நீரில் எளிதில் உளுத்துப் போகாதது. பலகைகளுக்கிடையே விரலிடை விட்டுப் பொருத்தினால் நீர் நிற்காது. ஆனால், கீழுள்ள குறுக்குச் சட்டங்கள் அரித்திருந்தால் மேலே எந்த மரம் போட்டும் பயனில்லை.

பழைய லேண்ட்ரோவர் வைத்திருப்போர்க்குத் தனியாக ஒரு சொல். 1948இல் அது அறிமுகமானபோது பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடு நிலவியதால், உடற்பகுதியை அலுமினியத்தில் செய்தனர். அலுமினியமும் எஃகும் நேராகத் தொட்டு ஈரத்தில் நனையும் இடத்தில் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும். இடையில் ரப்பர்த் துண்டோ தடித்த பூச்சோ கட்டாயம் இருக்க வேண்டும்.

பின்பெட்டியின் அளவு மாறாமல் பழுதுபார்ப்பது வேறு. நீட்டுவதும் உயர்த்துவதும் வேறு. அவ்வாறு மாற்ற எண்ணுவோர் தகடு வாங்குமுன் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் விசாரிப்பது அவசியம்.

நமது பெரியவரின் வண்டிக்கு முன்பாதி அடித்தகடும் ஒரு குறுக்குச் சட்டமும் புதிதாயின. மூன்று வாரம் வண்டி நின்றது; கட்டிப்பாலை அண்டை வீட்டார் ஒருவரின் வேனில் கூலி கொடுத்து அனுப்பினர். இப்போது சுமை இறக்கியதும் இரண்டு வாளி நீர் ஊற்றிக் கழுவுகின்றனர். மருமகன் பின்கதவைத் திறந்து வைத்து, நான்கு மூலைகளிலும் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தி அடைப்பை நீக்குகின்றார். கழுவிய பின்பெட்டி காயும்வரை ரப்பர் விரிப்பை மீண்டும் போடுவதில்லை.