சைக்கிள் வாங்குமுன் காலை அளந்துகொள்ளுங்கள்

1. கடையில் 26 இஞ்ச், 28 இஞ்ச் என்று சொல்வது பெரும்பாலும் சக்கர அளவு. வண்டி நமக்குப் பொருந்துமா என்று சொல்வது ஃபிரேம். கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து, சீட் கம்பி நுழையும் குழாயின் மேல்நுனி வரை டேப் பிடித்தால் வருவதே ஃபிரேம் அளவு. ஒரே 28 இஞ்ச் சக்கரத்துக்கு 20, 22, 24 இஞ்ச் ஃபிரேம்கள் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

2. செருப்பில்லாமல் சுவரோடு சாய்ந்து நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே முட்டும்வரை உயர்த்துங்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை உள்ளதுதான் உங்கள் உள்கால் உயரம். பார், அதாவது ஃபிரேமின் மேல்குழாய், தரைக்கு இணையாக ஓடும் வண்டி என்றால் இதை 0.65 ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. கால் உள்ளவருக்கு 52 செ.மீ., அதாவது 20 இஞ்ச் சொச்சம். பார் பின்பக்கம் சரிந்த வண்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஏறி ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

3. பாருக்கு இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது 2 முதல் 5 செ.மீ. இடைவெளி வேண்டும்.

4. பெடல் அடியில் இருக்கையில் குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான சீட் உயரம். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால்தான் பாடுபடும்.

5. ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னே தள்ளாதீர்கள். சீட்டின் இடம் காலுக்கானது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை நீளம் குறைந்ததாக மாட்டச் சொல்லுங்கள்.

6. அளவு பொருந்திய வண்டிக்கு அழகு தானாக வரும். பாருக்கு மேல் ஒரு கைப்பிடி அளவு சீட் கம்பி தெரிந்தால் என் கண்ணுக்கு அதுவே லட்சணம். உயரமானவர் சிறு ஃபிரேமை எடுத்தால் கம்பியை வெகுவாக உயர்த்த நேரும். அதிலுள்ள எல்லைக்கோடு வெளியே தெரியவே கூடாது, கம்பி முறியலாம். குள்ளமானவருக்குப் பெரிய சக்கரத்தோடு சிறு ஃபிரேம் செய்தால் முன்பக்கம் மேல்குழாயும் கீழ்க்குழாயும் ஏறக்குறைய ஒட்டிவிடும். பார்க்கவும் நெருக்கடி, திரும்பும்போது கால் விரல் முன்சக்கரத்தில் இடிக்கவும் கூடும். அவர்களுக்கு 26 இஞ்ச் சக்கரமே பொருத்தம், எடுப்பும்கூட.

7. புடவை கட்டுபவர்களுக்கும் காலைத் தூக்கிப் போட முடியாத பெரியவர்களுக்கும் பார் தாழ்ந்த வண்டி வசதி. ஆனால் முழு முக்கோணத்தின் விறைப்பு அதில் இருக்காது. பாரம் அளவாக ஏற்றுங்கள்.

8. 'வளர்ந்துவிடுவான்' என்று பிள்ளைக்குப் பெரிய வண்டி வாங்க வேண்டாம். குரங்கு பெடல் அடித்துக் கற்ற தலைமுறைக்கு வேறு வழியில்லை; இன்று அளவான வண்டி கிடைக்கிறது. புதிதாகப் பழகும் பிள்ளை சீட்டில் உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் படிய வேண்டும், பிரேக் விரலுக்கு எட்ட வேண்டும்.